உன் வண்டி இன்ஜினை இறக்கிய கதை

அன்பு மகள் வாண்டுவுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கு முதுகு வலி, உன் அப்பாவுக்கு வழக்கமான வீம்பு, மற்றபடி இங்கே ஒரு குறையும் இல்லை, நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் திடமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அடுத்த மாதம் வந்து உன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரை எடுத்துப் போவதாக எழுதியிருந்தாய், அதனால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன், பதறாதே, இப்போது ஓடுகிறது. போன மாதம் ஸ்டார்ட் செய்தபோது வெள்ளைப் புகையாகக் கக்கியது, ஆயில் மூடியைத் திறந்தால் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. தண்ணீர் ஆயிலில் கலந்திருக்கிறது, இன்ஜினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் கேஸ்கெட் போய்விட்டது என்று அப்போதே தெரிந்தது, முப்பது வருஷம் பம்ப் ஹவுஸில் இன்ஜின் பிரித்தவளுக்கு யார் சொல்ல வேண்டும். உன் அப்பாதான் நான் கேட்காமலே, "சும்மா நின்னா இப்படித்தான் ஆகும்" என்று மூன்று தடவை சொன்னார்.

அந்த வண்டியில் கை நுழைய இடமில்லை, இன்ஜினை வெளியே எடுத்தால்தான் ஹெட்டைக் கழற்ற முடியும். பளு தூக்கும் செயின் பிளாக்கை வாடகைக்கு வாங்கி ஷெட் உத்தரத்தில் மாட்டினோம். பள்ளிக்கூட ஆபீஸில் பேனாவைத் தவிர எதையும் தூக்காத மனிதர் சங்கிலியை இழுத்தார், நான் இன்ஜின் இடிக்காமல் பிடித்துக்கொண்டேன். கழற்றிய போல்ட்டுகளை அட்டையில் படம் வரைந்து அந்தந்த இடத்தில் குத்தி வைத்திருந்தேன். மறுநாள் பார்த்தால் உதவி செய்கிறேன் பேர்வழி என்று அத்தனையையும் பிடுங்கிக் கழுவி ஒரே பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார். "அழுக்கா கிடந்துச்சு, ஒழுங்குபண்ணி வச்சேன்" என்கிறார். எது எந்தத் துளைக்கு என்று தேடியே இரண்டு நாள் போயிற்று.

ஹெட்டின் மேல் இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்தேன், நடுவில் வளைந்திருந்தது. நின்ற வண்டியில் ஹெட் வளையாது வாண்டு, சூடு ஏறிய பிறகும் ஓட்டினால்தான் வளையும். அதைச் சமமாகச் சீவிக் கொடுத்த லேத் பட்டறைக்காரரும் இதையே சொன்னார், உன் அப்பா பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீட்டரைப் பார்த்தேன், நீ போகும்போது நான் குறித்து வைத்ததற்கு மேல் நூற்றுப் பத்து கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இந்த வண்டி வாங்கியது திமிர் என்று உன்னைச் சொல்லிவிட்டு இரண்டு வருஷமாக உன்னோடு பேசாதவர், யாருக்கும் தெரியாமல் அதில் சுற்றியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, கோபம் வந்தது, கடைசியில் அழுகையும் வந்தது. உன்னைத் தேடுகிறது என்று வாய்விட்டுச் சொல்லத் தெரியவில்லை அவருக்கு. நீங்கள் இரண்டு பேரும் இப்படியே இருந்துவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

புது கேஸ்கெட் போட்டு, எதன் பின் எதை முறுக்குவது என்று அவர் வண்டிப் புத்தகத்தைப் பார்த்து வரிசை நம்பர் சொல்லச் சொல்ல நான் ஹெட் போல்ட்டுகளை முறுக்கினேன், ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. நேற்று இன்ஜினை ஏற்றி ஓட்டிப் பார்த்தோம், புகை இல்லை. ரயிலில் வரும்போது பையைத் தலைக்கு வைத்துக்கொள், கண்டதைச் சாப்பிடாதே. இதை ஒட்டுமுன் உன் அப்பாவிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன், கீழே இடம் விட்டிருக்கிறேன். வெறும் தாளாக வந்தாலும் மனதில் வைத்துக்கொள்ளாதே. நீ எங்கே இருந்தாலும் நல்லபடியாக, நிறைவாக இருக்க வேண்டும். எந்த ரயில் என்று மறக்காமல் எழுது.

உன் அம்மா

அம்மா எழுதியது சரி. சூடு காட்டும் முள் ஏறியதைப் பார்த்தேன். வழியில் நிறுத்தினால் அம்மாவைக் கூப்பிட வேண்டிவரும் என்று வீடுவரை ஓட்டிவிட்டேன். தப்பு என்னுடையது. அன்று உன்னைச் சொன்ன வார்த்தையும் தப்பு. ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

அப்பா