மூன்றாம் திருப்பத்தில் ஏளு

நவம்பர் 2, 2025, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வந்ததும் சகாயநாதன் சார் மடக்கிவிட்டார். பைக் ரேஸ் கிளப்பின் செயலாளர் மடக்கினால் ஏதோ வேலை காத்திருக்கிறது என்று அர்த்தம். "டிசம்பர் பதினாலு வெள்ளிவிழா ரேஸ், கேரல். நம்ம டிராக்கோட சரித்திரத்த ஒரு சின்ன புக்கா போடணும். நோட்டெல்லாம் உன் கையெழுத்துதானே?"

மத்தியானத்துக்குள் ஒரு டிரங்குப் பெட்டி வீட்டில் வந்து இறங்கிவிட்டது. இருபத்தைந்து வருடத்துக் கன்ட்ரோல் நோட்டுகள். முதல் எட்டு வருடம் யாரோ எழுதியது, கோழி கிளறிய மாதிரி. 2008இலிருந்து நான். வாரமெல்லாம் பள்ளி அலுவலகத்தில் டி.சி. எழுதும் கை, ரேஸ் நாளில் கன்ட்ரோல் என்ற தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து யார் எந்தச் சுற்றில் விழுந்தார் என்று எழுதும்.

2000, முதல் ரேஸ். மைசூர் மண்டி மொஹல்லா மெக்கானிக்குகள் ஆறு பேர், நஞ்சன்கூடு சாலைக்கு அப்பால் தரிசு நிலத்தில் ஒன்பது திருப்பங்களை வெட்டினார்கள். பதினொரு பைக் கிளம்பி இரண்டுதான் ஓடி முடித்தன. மூன்றாம் பரிசு, பைக்கைத் தள்ளிக்கொண்டே வந்து சேர்ந்தவருக்கு. பரிசு எவர்சில்வர் குடம். இதற்குப் பெயர் சரித்திரம்!

நவம்பர் 5, புதன்

2011, என் கையெழுத்தில்: "நான்காம் சுற்று. எருமை. ஐந்தாம் சுற்று. அதே எருமை." வேறு விளக்கமே இல்லை. சிரித்ததில் டீ ஆறிப்போனது.

நவம்பர் 9, ஞாயிறு

டிராக்கைச் சுற்றிப் பார்க்கப் போனோம். ஜடையண்ணா வந்திருந்தார். பதினெட்டு வருடமாக மூன்றாம் திருப்பத்தில் கொடியோடு நிற்கும் மார்ஷல். பழைய கதை கேட்டால் போதும், ஆள் குஷியாகிவிடுவார். தமிழ் பேசினாலும் நடுநடுவே கன்னட 'நோடி'யும் (பாருங்க) 'அல்வா'வும் (இல்லையா) வந்துவிடும்.

"2013ல முரளிதரன் விழுந்தான் நோடி. பைக்கு ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். அசையவே இல்ல மேடம். எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. வாக்கி-டாக்கி பட்டன அமுக்கிப் புடிச்சிட்டே 'ஏளு மகா, ஏளு'ன்னு கத்தறேன்! கன்ட்ரோலுக்கெல்லாம் கேட்டிருக்கும், அல்வா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். "கேட்டது, கேட்டது" என்றுகூடச் சொன்னேன்.

திரும்பி வரும்போது மண்டி மொஹல்லா நெரிசலில் ஸ்கூட்டர் நின்றது. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தார். நகர முடியவில்லை என்னால். எழுந்திரு என்பதற்கும் கன்னடத்தில் ஏளு. எண் ஏழுக்கும் ஏளு.

நவம்பர் 10, திங்கள்

2013 நோட்டை எடுத்துவிட்டேன். எடுத்திருக்க வேண்டாமோ?

"இறுதிப் போட்டி, ஒன்பதாம் சுற்று, மூன்றாம் திருப்பம். 7, மஞ்சள் கொடியில் முந்தல்." எவ்வளவு அழகான கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை.

ஒருவர் விழுந்தால் அந்தத் திருப்பத்தில் மஞ்சள் கொடி ஏறும். கொடி இருக்கும்வரை யாரும் யாரையும் முந்தக்கூடாது. முந்தினால் முப்பது விநாடி தண்டனை. என்ஜின் சத்தத்தில் முழு வாக்கியம் காதில் விழாது என்பதால் எங்கள் கிளப்பில் ஒரு வழக்கம் – முந்தியவரின் நம்பரை மட்டும் மார்ஷல் கன்னடத்தில் இரண்டு தடவை சொல்வார். முரளிதரன் விழுந்தது கொட்டகையிலிருந்தே தெரிந்தது. கொடியும் ஏறிவிட்டது. அப்போது வாக்கி-டாக்கியில் "ஏளு, ஏளு." நடுவிலிருந்த 'மகா', அதாவது மகனே, இரைச்சலில் போயிருக்கும். நான் 7 என்று எழுதினேன். 'முந்தல்' என்ற சொல்லை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது நானே சேர்த்தது.

ஏழாம் நம்பர் காளியப்பன். ஹனூர்ப் பக்கத்துப் பையன், அப்பா மைசூரில் கொத்தனார். முதலாவதாக வந்தவனுக்கு அந்தத் தண்டனையால் நான்காம் இடம். சாம்பியன் பட்டம் இரண்டாவதாக வந்தவனுக்குப் போனது.

இரண்டாவதாக வந்தவன் என் தம்பி லெஸ்லி.

நவம்பர் 11, செவ்வாய்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கு எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி என்று டி.சி. எழுதிக் கொடுத்துவிட்டேன்.

நவம்பர் 13, வியாழன்

ஜடையண்ணாவுக்குப் போன் செய்தேன். ஒருவேளை 7 உண்மையிலேயே முந்தியிருக்கலாம் அல்லவா? அப்படி இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே நம்பரை அழுத்தினேன்.

"யாரும் முந்தல மேடம். நான் நம்பரே சொல்லலியே! முரளிதரன் கூட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டேன். ஏழாம் நம்பருக்கு வேற திருப்பத்துல ஏதோ ஆச்சுன்னு நெனச்சேன்."

அன்று காளியப்பன் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றது நினைவிருக்கிறது. "நான் தாண்டவே இல்லீங்க்கா." நான் தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்: "பேப்பர்ல இருக்குப்பா." அவ்வளவுதான் சொன்னேன். போய்விட்டான். அதற்கப்புறம் எந்த நோட்டிலும் அவன் பெயர் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன்.

நவம்பர் 16, ஞாயிறு

லெஸ்லி சாப்பிட வந்தான். பிரியாணியைப் பரிமாறிவிட்டுச் சொன்னேன். கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருந்தால் இரண்டு வாயாவது அவன் சாப்பிட்டிருப்பான்.

"பன்னெண்டு வருஷம் ஆச்சுக்கா. என் ரைடிங் ஸ்கூல் போர்டுல என்ன எழுதியிருக்கு? 2013 சாம்பியன். பசங்க அதப் பாத்துத்தான் வர்றாங்க. சும்னிரு."

"நீ தப்பு செஞ்சேன்னு சொல்லலடா, நான் செஞ்சேன்னுதான் –"

"ஆனா போறது என்னோடது, அல்வா?" தட்டைத் தள்ளினான். "நீ எனக்கு அக்காவா, அவனுக்கு அக்காவா?"

பைக் கிளம்பும் சத்தம் தெருமுனைவரை கேட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

2013ஆம் வருடத்து வெற்றியாளர் பெயரை மட்டும் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? மூன்று முறை அப்படியே எழுதினேன். மூன்று முறையும் கிழித்துப் போட்டேன்.

ஒன்று தெரியும். வேறு யாருக்கும் தெரியாது, எனக்குத் தெரியும். அன்று காதில் விழுந்தது இருபத்திரண்டு என்றால் – அது லெஸ்லியின் நம்பர் – "ஜடையண்ணா, திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்டிருப்பேன். ஏழு என்றதால் கேட்கவில்லை. சீ!

நவம்பர் 22, சனி

பழைய மெக்கானிக்குகளிடம் விசாரித்துக்கொண்டு சாமராஜநகருக்குப் போய் வந்தேன். மார்க்கெட் பக்கத்தில் காளியப்பனுக்கு மோட்டார் காயில் சுற்றும் கடை. பார்த்ததும் "கன்ட்ரோல் அக்கா!" என்று எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். பையன் என்றே நினைத்துக்கொண்டு போயிருந்தேன், காதோரம் நரைத்திருக்கிறது. டீ சொன்னார். அந்த டீயை எப்படிக் குடிப்பது?

பஸ்ஸில் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தது எதுவும் வரவில்லை. அழுதுகொண்டே கொட்டிவிட்டேன். கம்பி சுற்றிக்கொண்டிருந்தவர் எண்ணிக்கையை விட்டுவிட்டார். முழுவதையும் அவிழ்த்து முதலிலிருந்து சுற்ற ஆரம்பித்தார். பாதியில்தான் பேசினார்.

"எங்கப்பாரு அன்னிக்கு வேலைக்கு லீவு போட்டுட்டு வந்திருந்தாருங்க்கா. 'விழுந்து கெடக்கறவனத் தாண்டிட்டுப் போயா கப்பு வாங்கோணும்?'னு கேட்டாரு. இல்லீங்ப்பான்னேன். அவரு நம்புல. போன வருசந்தான் தவறிப்போனாரு."

 மறுபடி கம்பியைச் சுற்றினார்.

"அன்னிக்குப் பேப்பர்ல இருக்குதுன்னீங்க. இதையும் பேப்பர்லயே எழுதிருங்க்கா. வேறொன்னும் வேண்டாமுங்."

நவம்பர் 24, திங்கள்

சகாயநாதன் சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "முடிவ மாத்த முடியாது கேரல். ஆட்சேபம் சொல்ல அரைமணி நேரம்தான். அது பன்னெண்டு வருஷத்துக்கு முன்னாடியே முடிஞ்சுபோச்சு. ஆனா புக்கு நீ எழுதறது. உன் பேரப் போட்டு நீ எழுது."

டிசம்பர் 3, புதன்

அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். 2013ஆம் பக்கத்தில் நாலு வாக்கியம்: "காளியப்பன் முந்தவில்லை. மார்ஷலின் சொல்லைத் தவறாகக் கேட்டு, திருப்பிக் கேட்காமல், நான் எழுதினேன். இறுதிப் போட்டியில் முதலில் வந்தவர் அவரே. – கேரல்." பெயரையும் சேர்த்துத்தான் நாலு. இதற்கு ஒன்பது நாள்.

டிசம்பர் 6, சனி

லெஸ்லி போனை எடுக்கவில்லை. ஏழு முறை அடித்திருக்கிறேன். அந்த எண்ணிக்கையும் இப்படியா வந்து தொலைக்கவேண்டும்!

டிசம்பர் 14, ஞாயிறு

காலையிலேயே புத்தகம் கைக்குக் கை போய்விட்டது. கொட்டகை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லெஸ்லி ஒன்றை வாங்கினான், நின்றபடியே படித்தான், இரண்டாக மடித்துப் பின்பாக்கெட்டில் செருகினான். என் பக்கம் திரும்பவில்லை.

மூன்று மணிக்குப் பழைய ஆட்களுக்கு ஐந்து சுற்று. காளியப்பன் இரவல் பைக்கில், முதுகில் 7. இரண்டாம் சுற்றில் அவர்தான் முதலில். பின்னாலேயே 22, லெஸ்லி.

நான்காம் சுற்று. வாக்கி-டாக்கி கத்தியது: "ஏளு! ஏளு!"

பேனா காகிதத்தில் பட்டுவிட்டது. எடுத்தேன். பட்டனை அமுக்கினேன். "ஜடையண்ணா, நம்பர் சொல்றீங்களா, எழுந்திரிக்கச் சொல்றீங்களா? திருப்பிச் சொல்லுங்க."

கரகரவென்று ஒரு நிமிடம். அரை நிமிடமாகவும் இருக்கலாம்.

"ரெண்டும் மேடம்! ஏழாம் நம்பர் விழுந்துட்டாரு, அவரத்தான் ஏளுங்கறேன்... எழுந்துட்டாரு, எழுந்துட்டாரு!"

"பின்னாடி யாரு?"

"இருபத்திரண்டு. கொடியப் பாத்துட்டு நின்னுட்டாரு. இறங்கி வந்து பைக்கத் தூக்கிக் குடுக்கறாரு மேடம்."

வீட்டுக்கு வந்துவிட்டேன். லெஸ்லி இன்றும் என்னோடு பேசவில்லை. நோட்டில் எழுதியதை அப்படியே இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

"நான்காம் சுற்று, மூன்றாம் திருப்பம். 7 விழுந்தார், எழுந்தார். 22 பின்னால் நின்றார். முந்தவில்லை."