கழுத்துப் பொத்தான்

மனைவி பிரிஜெட் எழுவதற்குள், டென்சில் இடது கையால் கோணல்மாணலாக எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினான்:

"பிசியோதெரபிக்குத் தனியாவே போறேன். சப்பாத்தி மாவு நானே பிசைஞ்சு வெச்சிருக்கேன். வலது கைக்கு டாக்டர் சொன்ன பயிற்சிதானே. கட்டி கட்டியா இருக்கும், சிரிக்காதே.

நேத்து சர்ச் பூசையில நன்மை அப்பம் வாங்குறப்ப, மணிக்கட்டு எலும்புல பிளேட்டு வெச்ச கையால அதை எடுத்து வாயில போட முடியல. நீ எடுத்து என் வாயில வைக்க வந்தே. ஊரே பாக்குதுன்னு உன் கையைத் தட்டிவிட்டேன். அப்பம் கீழே விழுந்துச்சு. நீதான் மண்டி போட்டு எடுத்தே. நான் மரம் மாதிரி நின்னேன்."

அடியில் இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி எழுதினான்:

"கழுத்துப் பொத்தான் போட வரல. கட்டிலோரம் வந்து நின்னேன். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உன்னை எழுப்புறது? திறந்தபடியே போறேன்."