ஒன்பதாவது ஆள்

டெ மொய்ன்
ஜூலை 10

அன்புள்ள அக்கா,

நலம்தானே? இன்று மட்டும் மூன்று ஊர்களில் பேசினேன், மூன்றிலும் அதே பன்றிக்கறி சாண்ட்விச். உன்னைப் போனில் பிடிக்க முடியவில்லை. தபால் வண்டி ஓட்டுகிறவளுக்குத் தபாலாவது போய்ச் சேரும் என்றுதான் எழுதுகிறேன்.

கட்சிக்குள் அதிபர் வேட்பாளராக இருபத்திரண்டு பேர் முட்டிக்கொண்டு நிற்கிறோம். செப்டம்பரில் டிவி விவாதம். மேடை ஏற இரண்டு நிபந்தனைகள் வைத்திருக்கிறார்கள். நாடு முழுக்க ஒரு லட்சம் பேராவது ஒரு டாலரோ அதற்கு மேலோ நன்கொடை அனுப்பியிருக்க வேண்டும். அதோடு, கட்சி ஒப்புக்கொண்ட கருத்துக்கணிப்புகளில் நான்கிலாவது இரண்டு சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். ஆகஸ்ட் 28 கடைசி நாள். அந்த மேடையில் இல்லாதவன் போட்டியிலேயே இல்லை. எட்டு வருஷம் ஆளுநராக இருந்தேன் என்றால், "எந்த ஊர்ல?" என்று கேட்கிறார்கள்.

போன வாரம் வரை எழுபதாயிரம் பேரோடு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை சீடர் ராப்பிட்ஸ் கூட்டத்தில் உன் டெவினைப் பற்றிச் சொன்னேன். பெரிய பெரிய ஆட்களெல்லாம் அழுதார்கள். வீடியோ பரவி, இரண்டே நாளில் பதினோராயிரம் பேர் சேர்ந்துவிட்டார்கள். நம் பையன் சும்மா போகவில்லை அக்கா.

அன்புடன்,
கர்டிஸ்

எல்ம் ஃபோர்க்
ஜூலை 16

கர்டிஸ்,

உன் வீடியோவைப் பற்றி முதலில் எனக்குச் சொன்னவள் தபால் நிலைய வெர்லா. கடிதத் தட்டைத் தூக்கிக்கொண்டிருந்தேன். "மார்லிஸ், டெவின் கடைசியா அவங்க மாமாகிட்டதான் பேசினானாமே? இத்தனை நாளா நீ சொல்லவே இல்லையே" என்றாள். தட்டோடு வண்டிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு நானே பார்த்தேன். "மாமா, என்னக் காப்பாத்துங்க" என்று அவன் உன்னிடம் அழுததாகச் சொல்கிறாய். அவன் உன்னோடு பேசவில்லை, கர்டிஸ். அன்று சமையலறையில் போனை வைத்துவிட்டு, "மாமா மீட்டிங்ல இருக்காராம்மா" என்றான். அவ்வளவுதான். இறைச்சி ஆலையில் முதுகு போனதும், வலி மாத்திரையிலிருந்து மீள முடியாமல் அவன் பட்டதும், கடைசியில் அதிலேயே போனதும் எனக்குத் தெரியும். உனக்கு நான் சொல்லித்தான் தெரியும். அடக்கத்துக்கு வந்து இரண்டு மணி நேரத்தில் விமானத்துக்குக் கிளம்பினாய். அப்போதுகூட நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை.

இனிமேல் சொல்லாதே. ஊர்க் கூட்டத்திலும் வேண்டாம், அந்த மேடையில் வேண்டவே வேண்டாம். கோடிப்பேர் முன்னால் அவன் அப்படிச் செத்ததாக ஆகிவிட்டால், நிஜமாக அவன் எப்படி இருந்தான் என்பது என் ஒருத்திக்கு மட்டும்தான் மிஞ்சும்.

வேளைக்குச் சாப்பிடு. படத்தில் கன்னம் ஒட்டிக் கிடக்கிறது.

மார்லிஸ்

டேவன்போர்ட் போகும் வழியில்
ஜூலை 27

அன்புள்ள அக்கா,

மன்னித்துவிடு. கூட்டத்தின் முன்னால் நிற்கும்போது வாய் தானாக ஓடிவிடுகிறது. மேடையில் சொல்ல மாட்டேன். சத்தியம். பேச்சு எழுதுகிறவர்களிடமும் சொல்லிவிட்டேன்.

ஒரு லட்சம் தாண்டிவிட்டது. மூன்று கருத்துக்கணிப்புகளில் இரண்டு சதவீதம் வந்திருக்கிறது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. எது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. காலையில் கண் திறந்ததும் போனைத்தான் தேடுகிறேன். என் மேலாளர் கீத், "சார், நீங்க பாத்துக்கிட்டே இருந்தா நம்பர் ஏறாது" என்கிறான். அவனும் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறான். இன்று ஒரு பெண்மணி கையைக் குலுக்கி, "உங்கள ரொம்பப் பிடிக்கும், ஆனா டிவில வந்தாதான் ஓட்டு" என்றாள்.

உங்கள் மாநிலத் திருவிழாவுக்கு வருகிறேன். நீயும் வாயேன்.

உன் தம்பி,
கர்டிஸ்

சிகாகோ
ஆகஸ்ட் 29

அக்கா,

திருவிழாவில் உன்னைத் தேடினேன். வரவில்லை.

விஷயம் முடிந்துவிட்டது. கடைசி நாளன்று வந்தது உங்கள் அயோவா மாநிலக் கணிப்பு. அறுநூறு பேரைக் கேட்டிருக்கிறார்கள். என் பெயரைச் சொன்னவர்கள் எட்டுப் பேர். ஒன்பது என்றால் சரியாக ஒன்றரை சதவீதம், அதை இரண்டு என்று போட்டிருப்பார்கள். எட்டுப் பேர் என்றால் ஒரு சதவீதம்தான். ஒரே ஒரு ஆள் அக்கா. ஜனவரியிலிருந்து எத்தனை ஆயிரம் கைகளைக் குலுக்கியிருப்பேன். தூங்க முடியவில்லை. அந்த ஒன்பதாவது ஆள் எங்கே இருந்தான், என்ன செய்துகொண்டிருந்தான் என்றே ஓடுகிறது.

கர்டிஸ்

எல்ம் ஃபோர்க்
செப்டம்பர் 3

அன்புள்ள கர்டிஸ்,

உன் ஒன்பதாவது ஆள் சமையலறையில் சோளம் உரித்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 22, வியாழக்கிழமை. தெரியாத எண்ணை நான் எடுப்பதில்லை, உனக்குத் தெரியும். அன்று எதிர் வீட்டுக்காரர் என்று நினைத்து எடுத்துவிட்டேன். சின்னப் பெண் குரல், களைத்துப்போயிருந்தது. "மேடம், ஒரு பத்து நிமிஷம் பேசலாமா?" பாவமாக இருந்தது. இருபத்திரண்டு பெயர்களையும் படித்தாள். ட்வெட் என்ற நம் குடும்பப் பெயரை ட்வைட் என்றாள்.

"இன்னிக்கே தேர்தல்னா யாருக்குப் போடுவீங்க?"

"முடிவு பண்ணல."

"சும்மா ஒரு சாய்வு மேடம். யார் பக்கம்னாலும் சரி."

"யார் பக்கமும் இல்லம்மா."

"சரி, அப்படியே குறிச்சுக்கறேன்" என்றாள்.

நீ சத்தியம் செய்திருந்தாய். அதை மனதில் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். இருந்தும் உன் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. அந்த மேடையில் உனக்குத் தரும் ஒரு நிமிஷத்தில் நீ என்ன செய்வாய் என்று எனக்குப் பயமாக இருந்தது. சத்தியம் செய்த தம்பியை நம்பவில்லை, பார். எட்டு வயதில் உனக்குக் காலணிக் கயிறு கட்டிவிட்டவள் நான்.

ஒரு வாரமாக வண்டியில் ஏறினால் இதுதான். நேற்று இரண்டு வீட்டுக் கடிதத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். நீ என்னைத் திட்ட வேண்டும் என்றால் திட்டு. போன் செய்தாலும் எடுக்கிறேன்.

உன் அக்கா,
மார்லிஸ்

டெ மொய்ன்
செப்டம்பர் 12

அன்புள்ள அக்கா,

போனில் என்னால் இதைச் சொல்ல முடியாது.

நாளைக் காலை விலகுகிறேன் என்று அறிவிக்கிறேன். ஊழியர்களுக்கு இன்று சொல்லிவிட்டேன். கீத் அழுதான்.

மேடைக்காக நான் தயாரித்த அட்டை இன்னும் சட்டைப் பையில் இருக்கிறது. கடைசி ஒரு நிமிஷத்துக்கு உரியது. அதில் டெவின் இருக்கிறான். "மாமா, என்னக் காப்பாத்துங்க" என்ற வரியும் இருக்கிறது. யாரும் எழுதித் தரவில்லை, என் கையெழுத்துதான். உனக்கு சத்தியம் செய்து கடிதம் போட்ட மறுநாள் எழுதியது. மேடை கிடைத்திருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு உனக்கு இன்னொரு மன்னிப்புக் கடிதம் எழுதியிருப்பேன். நீ பயந்தது சரிதான். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, கோபப்பட எனக்கு இடமும் இல்லை.

உன் கடிதம் வந்த அன்று, ஆளுநர் அலுவலகத்தில் என் செயலாளராக இருந்த ஜோவானை அழைத்தேன். வந்த போன்களைக் குறித்து வைக்கும் பழைய அழைப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்து, டெவின் என்னை அழைத்த அந்த நாளைப் படிக்கச் சொன்னேன். அவன் போன இந்த நாலு வருஷத்தில் ஒருமுறைகூட நான் அதைக் கேட்டதில்லை. மூன்று முறை அழைத்திருக்கிறான் அக்கா. 10.40, 11.15, 2.05. மூன்றாவதற்கு எதிரே ஜோவான் எழுதி வைத்திருந்ததை அப்படியே படித்தாள்: "அக்கா மகன். அவசரம் இல்லையாம். சும்மா பேசணுமாம்."

அந்தத் தாள் என்னிடம் வந்திருக்கிறது. அவன் சொன்னதில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான், அது உன்னுடையது. அனுப்பட்டுமா, வேண்டாமா? நீ எழுதும்வரை நான் அங்கே வர மாட்டேன்.

கர்டிஸ்