உலகத் தொண்டைகளின் வரிசை

3-9-1986, புதன்

மதுரையிலிருந்து ராஜாராமின் பார்சல். இரண்டு ஹெவி மெட்டல் கேசட்டு, எட்டுப் பக்கக் கடிதம். என்னோடு கல்லூரியில் படித்தவன், படிப்பைத் தவிர எல்லாவற்றிலும் முதல். உலகப் பாடகர்களை வரிசைப்படுத்தியிருக்கிறான். எலும்புக்கூட்டு அட்டைக்காரனுக்கு முதலிடம். அவன் குரலில் வலி இருக்கிறதாம். கேட்டேன். வலி இருப்பது உண்மைதான். பல்வலி.

இன்னொரு கேசட்டில் பாடும், எனக்குப் பிடித்த நீளமுடிக்காரர் ராஜாராமுக்கு ‘தகுதிக்கு மீறிப் புகழப்பட்டவர்’. தான் புகழாத எல்லாரையும் அப்படித்தான் சொல்வான்.

கடைசிப் பக்கத்தில்தான் விஷயம். அவனும் நண்பர்களும் நடத்தும் பாட்டுக்குழுவுக்குப் பாடகன் வேண்டும், என் குரலைப் பதிந்து அனுப்பச் சொல்கிறான். தேர்வானால் ஏலக்காய்த் தோட்டத்தில் வேலையாட்கள் பேர் குறிக்கும் இந்த வேலைக்கு ஒரு கும்பிடு. பொங்கலுக்குள் மதுரை!

6-9-86

போடிமெட்டுச் சரிவில் செடிகளுக்குள் நின்று உறுமிப் பழகினேன். காய் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் தகரம் தட்டிக்கொண்டு கூட்டமாக வந்துவிட்டார்கள். காட்டுப்பன்றி என்று நினைத்தார்களாம்.

“தொண்டை கட்டிருச்சா அப்பு? சுக்கு தட்டிப்போட்டுக் குடி” என்றார் வேலுத்தாய் அக்கா. இவர்களிடம் போய்க் கலையைப் பற்றி என்ன பேச?

7-9-86

தொண்டை கட்டிவிட்டது. சுக்கு குடித்தேன்.

11-9-86

காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் டேப்பை வைத்துப் பாடினேன். நாலு நிமிடம் நன்றாகப் போயிற்று. அதற்குள் ஆட்களை ஏற்றிப்போகும் சாயங்கால ஜீப்பு வந்து தொலைத்தது. பனிமூட்டம் இறங்கினால், ஜீப்பு கிளம்புமுன் வேலுத்தாய் அக்கா மேட்டில் நின்று என் பட்டியல்படி ஒவ்வொரு பெயராகக் கூவுவார். ஆள் பதில் கொடுக்காமல் ஜீப்பு நகராது. காட்டெருமை திரிகிற இடம். அந்தக் கூவலும் டேப்பில் விழுந்துவிட்டது. வேறு காலிக் கேசட்டு இல்லை. அப்படியே அனுப்பினேன்.

29-9-86

ராஜாராம் பதில் போட்டுவிட்டான். என் பாட்டு ‘பரவாயில்லை’. ஆனால் –

“கடைசியில ஒரு பொம்பளைக் குரல் வருதே, யார்டா மாப்ளே அது? மயிர்க்கூச்செறிஞ்சு போச்சு. என் வரிசையையே திருத்திட்டேன். அவங்களைக் கூட்டிட்டு வா. நீ வேணும்னா ஸ்பீக்கர் தூக்கு.”

ஸ்பீக்கர் தூக்கவா நான் சுக்கு குடித்தேன்?

1-10-86

மனதைக் கல்லாக்கிக்கொண்டு அக்காவிடம் கேட்டேன்.

“மதுரைக்கா? எதுக்கு அப்பு, அங்க யாரு காணாமப் போனா?”

யாரும் காணாமல் போகவில்லை, மேடையில் சும்மா கூவினால் போதும் என்றேன்.

“ஆளே இல்லாமக் கூப்புட்டா யாரு பதில் குடுப்பா? சோலி கெடக்கு. வெரசா பேரைக் குறி.”

17-10-86

ஸ்பீக்கர் தூக்க மாட்டேன், பாடியே காட்டுகிறேன் என்று மேல்சரிவுக்குத் தனியாகப் போனேன். மூட்டம் இறங்கிப் பாதை தெரியவில்லை. பக்கத்தில் ஏதோ பெரிதாக மூச்சு விட்டது. கத்த வேண்டும். சத்தம் வரவில்லை. என்ன பயம், என்ன பயம்!

கீழே இருந்து, “மொக்கச்சாமீ...”

என் பெயர். நாலு முறை. ஐந்தாவதில்தான் எனக்குத் தொண்டை திறந்தது. “இங்கதான் இருக்கேன்க்கா.” அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டே இறங்கினேன். பதினாலு பெண்கள் ஜீப்பில் நனைந்துகொண்டு காத்திருந்தார்கள். நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. ஆள் பட்டியலில் என் பெயரே கிடையாது. எழுதுகிறவன் நான்தானே.

18-10-86

ராஜாராமுக்குக் கார்டு போட்டேன். அக்கா வரமாட்டார், நானும் வரவில்லை. எலும்புக்கூட்டுக் கேசட்டைத் திருப்பித் தர முடியாது. பன்றி விரட்ட நன்றாக உதவுகிறது.

காலையில் பட்டியலில் பதினாலு பெயரையும் குறித்தேன். கீழே பதினைந்தாவதாக என் பெயரையும் எழுதிக்கொண்டேன்.