கேட்டு இருந்த இடத்தில் ஒரு கல் இருக்கை

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவன் புண்ணியத்தில் இங்கே எல்லாம் சுகம், உன் அப்பாவின் வலது கையைத் தவிர. நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? அந்தக் குளிரில் ஈரத்தலையோடு வேலைக்கு ஓடாதே, உனக்குச் சளி பிடித்தால் லேசில் விடாது.

நம் ஊரில் கட்டப்போகும் தீயணைப்பு நிலையத்துக்கு நீ வரைந்து அனுப்பிய படத்தை நேற்றுத் தெருக்கூட்டத்தில் சுவரில் ஒட்டினோம். குன்றுச் சரிவில், மரங்களுக்கு நடுவே, அங்கே கிடக்கும் கல்லாலேயே சுவர், கூரைமேல் மண்ணும் புல்லும். தள்ளி நின்று பார்த்தால் குன்று கொஞ்சம் புரண்டு படுத்த மாதிரிதான் இருக்கிறது. எல்லோரும் கை தட்டினார்கள், கேட்டுக்காரர் மட்டும் தட்டவில்லை. அவரை நீ மறந்திருக்க மாட்டாய். பொதுச் சந்தின் குறுக்கே இரும்புக் கேட்டைப் போட்டுப் பூட்டி, சாவியோடு சாப்பிடப் போன மரக்கடை முதலாளி. அன்று நம் தையல் கடை எரிய எரிய, தீயணைப்பு வண்டி அந்தக் கேட்டுக்கு வெளியே நின்று மணியடித்துக்கொண்டே இருந்தது. அப்பா மிஷினை இழுக்க உள்ளே ஓடினார், ஊசி பிடித்த விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. அந்த மனிதர் வாயைத் துடைத்தபடி வந்து, "இதுக்குள்ள இவ்ளோ அவசரமா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கணக்கில் பாக்கி வைத்து எனக்குப் பழக்கமும் இல்லை.

நேற்று அவருக்கு முகப்பில் கண்ணாடியும் தூணும் வேண்டுமாம், உச்சியில் தன் பெயர் எட்டூருக்குத் தெரிய வேண்டுமாம், அதற்கு நன்கொடை தருவாராம். புல்லும் பாறையுமாக இருந்தால் பெயரை எங்கே எழுதுவது? அந்த எரிச்சலில் எழுந்து, "இது என்ன ஸ்டேஷனா, எலிவளையா? தீ பிடிச்சா நாங்க இதைத் தேடிக்கிட்டு அலையணுமா?" என்றார். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே, "நீங்க தேட வேணாம் அண்ணே, அதுவே உங்களைத் தேடி வரும்" என்றேன். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அப்பாதான் என் புடவையைப் பிடித்து இழுத்தார். பழியை ஆண்டவன் பார்த்துப்பான், விட்டுத் தொலை என்கிறார். பார்த்துக்கொள்வான்தான், ஆனால் அவனுக்கும் ஒரு கையாள் வேண்டாமா?

உன் படத்தில் ஒரு பிழை கண்ணு. வண்டி வெளியேறும் வழியைப் பாறைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறாய். அந்த ஆளோடு வம்பு எதற்கு என்று நினைத்திருப்பாய், அப்பா ரத்தம் உனக்கு. அப்படிப் போனால் இரண்டு மரங்கள் விழும், பாறையை உடைக்க வேண்டும். ஒரு மரத்தையும் தொடக் கூடாது என்று படத்தின் தலையில் எழுதியவள் நீயேதான். எதையும் தொடாத வழி, அவர் இன்னும் கேட்டுப் போட்டு வைத்திருக்கும் அந்தச் சந்து ஒன்றுதான். படத்தில் வழி அங்கே வந்துவிட்டால் கேட்டைப் பிடுங்க உத்தரவு போடுகிறோம் என்று நகராட்சியில் சொல்லிவிட்டார்கள். கோட்டை நேராகப் போடு. கை நடுங்கினால் அப்பா விரலை நினைத்துக்கொள்.

அவர் மரக்கடை பற்றி எரிய வேண்டும் என்று நான் கும்பிடாத நாளில்லை, சாமி காதில் விழவில்லை. இப்போது வேண்டுதலைத் திருத்திவிட்டேன். பற்றட்டும், என் மகள் போட்ட வழியில் வண்டி போய் அணைக்கட்டும், அவர் நின்று பார்க்கட்டும். அதுவரைக்கும் காத்திருக்க, கேட்டு இருந்த இடத்தில், வண்டிக்கு இடைஞ்சலில்லாமல் ஓரமாக, அவர் கடைக்கு நேர் எதிரே, ஒரு கல் இருக்கை வரைந்து வை. நிழலில் காற்று வாங்கத்தான் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல். தினமும் அப்பாவை அங்கே கொண்டுபோய் உட்கார வைப்பேன். சுவர், கூரை, இருக்கை எல்லாம் பாறையோடு பாறையாக மறைந்து போகட்டும். போகிற வருகிற அந்த மனிதர் கண்ணுக்கு அப்பாவின் கை மட்டும் தெரிய வேண்டும்.

தீர்க்காயுசாக, நிறைந்த மனதோடு இரு. அடுத்த கூட்டத்துக்குள் படம் வந்து சேர வேண்டும், மறக்காதே.

உன்னையே நம்பியிருக்கும்,
அம்மா