பிரேக் ஆயில் கறுத்துப்போச்சு

2022 மார்ச் 3
இன்றும் ஒர்க்‌ஷாப் போனேன். காரில் ‘கிர்ர்’ என்று சத்தம் வருவதாகச் சொன்னேன். சத்தமாவது மண்ணாவது! ஒர்க்‌ஷாப் நடத்துகிறவள் தெருவை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “வண்டி நல்லாத்தாங்க இருக்கு” என்றாள். அவள் நெற்றியில் கிரீஸ். சொல்லலாமா, வேண்டாமா என்று நின்றேன், சொல்லாமலே வந்தேன். பேக்கரிக்குத் திரும்பி, கேக்கில் சர்க்கரை போட மறந்தேன்.

மார்ச் 9
மறுபடி ‘கிர்ர்’. இந்த முறை தெருவைச் சுற்றிவிட்டு பானெட்டையும் திறந்து, பிரேக் ஆயில் டப்பாவுக்குள் ஈரம் பார்க்கும் பேனா மாதிரி ஒன்றை விட்டாள். அதில் சிவப்பு விளக்கு எரிந்தது.
“புதுசா இருந்தா தேன் நிறத்துல இருக்கும். இது கடுங்காப்பி மாதிரி ஆயிடுச்சு பாருங்க.”
“அளவு சரியாத்தானே இருக்கு?”
“அளவு இருந்து என்னங்க? காத்துல இருக்கற ஈரத்தை இழுத்து வச்சிருக்கு. இறக்கத்துல பிரேக் பிடிச்சுட்டே போனா அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாயிடும். பெடல் தொபுக்குன்னு உள்ள போயிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தணும். நாளைக்கே கொண்டு வாங்க.”
நாளைக்கே வாங்க! நாளைக்கே! இது அழைப்பு இல்லாமல் வேறென்ன?

மார்ச் 10
போகவில்லை. மாற்றிவிட்டால் அப்புறம் எந்தச் சாக்கில் போவது?

மார்ச் 15
அவளே போன் பண்ணினாள்! “இன்னும் மாத்தலையா?” எனக்குத் தலைகால் புரியவில்லை. “என்னையே நினைச்சுட்டு இருக்கா” என்று அக்காவிடம் சொன்னேன்.
“உன்னை இல்லடா, உன் பிரேக்கை.”
அக்காவுக்குப் பொறாமை.

மார்ச் 19
பின்சீட்டில் மூன்றடுக்குக் கல்யாண கேக். மலைப்பாதை இறக்கம். முன்னால் ஸ்கூல் பஸ், பின்கண்ணாடியில் பிள்ளைகள் எனக்கு டாட்டா காட்டுகிறார்கள். மிதிக்கிறேன், பஞ்சை மிதிச்ச மாதிரி... பெடல் தரையோட போயிடுச்சு! கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஓரத்து மண்மேட்டில் ஏற்றி நிறுத்தினேன். பஸ் அதுபாட்டுக்குப் போய்விட்டது.
போன் பண்ணினேன். பைக்கில் பறந்து வந்தாள். முதலில் என் கை காலைப் பார்த்தாள். பிறகு கத்தினாள்.
“எத்தனை தடவை சொன்னேன்! ஏன் மாத்தல?”
“மாத்திட்டா... உங்களைப் பாக்க வர்றதுக்குக் காரணம் இருக்காதே.”
உளறிவிட்டேன். அவள் கண் கலங்கியிருந்தது.
“வராத சத்தத்துக்கு அஞ்சு தடவை வந்தீங்க. அஞ்சு தடவையும் நானும் தெருவைச் சுத்தி வந்தேன். எனக்கென்ன காது கேக்காதா? சும்மா வந்தா ஆகாதா? பிரேக்ல போயா விளையாடுவீங்க?”
சரிந்துபோன மேலடுக்கை ரோட்டோரம் உட்கார்ந்து இருவரும் தின்றோம். கல்யாண வீட்டுக்கு இரண்டடுக்குதான் போய்ச் சேர்ந்தது. செம திட்டு. சிரிச்சுட்டே வாங்கிக்கிட்டேன்!

மார்ச் 20
ஆயில் மாற்றியாச்சு. நாளைக்குச் சும்மா போகிறேன். சும்மா!

2024 ஏப்ரல் 2
யாரும் சொல்லாமலே நானே டப்பாவைத் திறந்து பார்த்தேன். கறுத்திருந்தது. இன்றே மாற்றிவிட வேண்டும் என்று நானும் அவளும் எங்கள் வீட்டு வாசலிலேயே வேலையை ஆரம்பித்தோம். ஆஸ்பத்திரிக்கு அந்த மலைப்பாதையில்தான் இறங்க வேண்டும்.
அவளுக்கு இது எட்டாம் மாதம், குனிய முடியாது. அவள் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதித்தாள். நான் ஸ்பேனரோடு சக்கரத்தடியில், பழைய ஆயிலை வடித்தபடி.
“குமிழி வருதா?”
“வரல. தேன் நிறமா வருது.”
“நல்லாப் பாத்தியா?”
“மூணு தடவை பாத்துட்டேன்.”
வெளியே வந்தேன். “நெத்தியில கிரீஸ்” என்று சிரித்தாள். இன்னும் துடைக்கவில்லை.