மூடிக்கொள்ளும் கண்

பிப்ரவரி 9, 2025, ஞாயிறு
கோயிலில் இன்றும் முடிவு ஜெபம் தியோடர்தான். ஏழு நிமிடம். முன் வரிசையில் மூக்குறிஞ்சும் சத்தம். கோலார் தங்கவயலில் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். வேதியியலில் என் விடையைப் பார்த்து எழுதித் தேறியவன். நான் எம்.எஸ்சி., கல்லூரி விரிவுரையாளன். அவன் வைட்ஃபீல்டில் ஆபீஸ் வண்டிகளை அனுப்பும் வேலை பார்க்கிறான். ஆனாலும் எங்கள் ஆஸ்டின் டவுன் சபையில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் மகளின் பரீட்சைக்கு ஜெபிக்கச் சொல்லி என் மனைவி ஜூலியாவே அவனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்து அறையில்தான் இருந்தேன்.
இரண்டு கண்ணிமைகளும் படபடவென்று அடித்துக்கொள்கின்றன. தூக்கம் போதவில்லை போல.

பிப்ரவரி 14
காபியை நிறுத்தி ஐந்து நாள். பலனில்லை.

பிப்ரவரி 22
கண் டாக்டர் வறட்சி என்று சொட்டு மருந்து கொடுத்தார். வெயிலில் இறங்கினால் இமைகள் தாமாக இறுகி மூடிக்கொள்கின்றன. நெற்றிப் பொட்டை விரலால் தொட்டால் திறக்கின்றன. வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கும்வரை தொல்லையில்லை. பேச்சை நிறுத்தினால் மூடல். பின் வரிசையில் சிரிப்பு.

மார்ச் 2, ஞாயிறு
கோயிலில் பாடும்போது கண் நன்றாகத் திறந்திருந்தது. பாட்டு முடிந்து உட்கார்ந்ததும் மூடிக்கொண்டது. ஜெபம், அறிவிப்பு, காணிக்கை எல்லாம் முடிந்தும் அப்படியே. வெளியே வந்ததும், என் வரிசையில் உட்காரும் சொர்ணம் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.
"சாமுவேலு, ஒன்னையேதான் பாத்துட்டிருந்தேன்பா. காணிக்கைப் பை வந்தது கூடத் தெரியல ஒனக்கு. அப்படி ஒரு ஜெபம்."
இது ஏதோ கண் கோளாறு அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். தியோடர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லவில்லை.

மார்ச் 16
இரண்டு குடும்பங்கள் வீடு தேடி வந்து ஜெபிக்கச் சொன்னார்கள். என்னை. ஜெபித்தேன். காலையில் கோயில் வாசலில் தியோடர், "மச்சா, திடீர்னு ஜெபவீரனாயிட்ட? எந்தக் கடையில விக்குது, எங்களுக்கும் சொல்லேன்" என்றான். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. எனக்கு அது போதும்.

மார்ச் 23
பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில், சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் தனித்தனிப் பிரசங்கம். ஆறு வார்த்தைகள் பாஸ்டர்மாருக்கு, நான்காவது மட்டும் சபையார் ஒருவருக்கு. ஒன்பது வருடமாக அது தியோடருடையது.
"இந்த வருஷம் நீங்க எடுங்க, பிரதர். நெறய பேரு கேக்குறாங்க" என்றார் பாஸ்டர்.
தியோடரிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

மார்ச் 27
ஜூலியா விடாமல் நரம்பியல் டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவர் என்னைப் பாடச் சொன்னார். கூச்சத்தோடு பாடினேன், கண் திறந்தது. தலையாட்டிக்கொண்டார். பார்வை கெடவில்லை, மனக்கோளாறும் இல்லை. மூளையின் ஆழத்திலிருந்து இமைத் தசைக்குத் தவறான கட்டளை போகிறதாம். ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாதாம். கண்ணைச் சுற்றிச் சின்னச் சின்னதாக போட்டாக்ஸ் ஊசி. சில நாளில் இறுக்கம் தளரும், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். ஊசி வேலை செய்யும்வரை வண்டி ஓட்டக் கூடாது.
"அடுத்த வாரமே போட்டுடலாமா?"
பெரிய வெள்ளி முடியட்டும் என்றேன்.
ஆட்டோவில் ஜூலியா, "ஏங்க, பெரிய வெள்ளிக்குக் கண்ணு தொறந்திருந்தா என்ன கெட்டுப்போகுது?" என்றாள். என்ன சொல்வது? கண் திறந்தால் நான் பழைய சாமுவேல் என்றா?

ஏப்ரல் 5
பொம்மனஹள்ளி சிக்னல் தாண்டி. வேணாம், ஆட்டோல போலாம்னு ஜூலியா சொன்னா. பாடிக்கிட்டே ஓட்டுறேன், கண்ணு மூடாதுன்னேன். பஸ் ஒண்ணு குறுக்க வந்துச்சு. பாட்டு நின்னுபோச்சு. அவ்வளவுதான், இருட்டு. வண்டியோட விழுந்துட்டோம். அவளோட வலது மணிக்கட்டு ஒடஞ்சிருச்சு. எனக்கு ஒரு சிராய்ப்புகூட இல்ல.

ஏப்ரல் 6
ஆராதனை முடிந்த கையோடு தியோடர் ஆஸ்பத்திரிக்கு வந்தான், பிளாஸ்கில் காபியோடு. அவள் தலைமாட்டில் நின்று ஜெபித்தான். இரண்டே நிமிடம், அலங்காரமில்லாமல். அவள் அழுதாள். நேற்றிலிருந்து என் முன்னால் ஒரு சொட்டு விடவில்லை. இவனிடம் அழுகிறாள். கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது.

ஏப்ரல் 7
ஊசி போட்டுக்கொண்டேன். பாஸ்டருக்குப் போன் செய்து, பக்தியல்ல, நோய் என்றேன். "அப்பவே சொல்லியிருக்கலாமே, பிரதர்" என்றார்.
நான்காம் வார்த்தை மறுபடி தியோடருக்கு.

ஏப்ரல் 12
இமை இறுகவில்லை. ஜூலியாவுக்குத் தலை வாரிவிட்டேன். வகிடு கோணிப்போனது. "பரவால்ல விடுங்க, யாரு பாக்கப்போறா" என்றாள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி
விஷயம் தெரிந்து சொர்ணம் அக்கா வேறு வரிசைக்குப் போய்விட்டார். தியோடர் நன்றாகத்தான் பேசினான். இதை எழுதக் கை வரவில்லை, எழுதிவிட்டேன். முடிவில் ஜெபம். சபை முழுவதும் தலை குனிந்து கண் மூடியிருந்தது. நான் மட்டும் மூடவில்லை. குரல் உச்சத்தில் இருக்கும்போது அவன் கண்ணைத் திறந்தான். யார் அழுகிறார்கள், யார் அழவில்லை என்று வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தான். என்னிடம் வந்ததும் அவன் பார்வை நின்றது. குரலும் நின்றது. அடுத்த சொல் வரவில்லை அவனுக்கு. உதடு மட்டும் அசைந்தது. எத்தனை வருடம் காத்திருந்தேன் இதற்கு.
ஊசிக்குப் பிறகு கண்ணை மூடத்தான் கொஞ்சம் முயற்சி வேண்டியிருக்கிறது. மூடிக்கொண்டேன்.
சற்றுப் பொறுத்து அவன் குரல் மறுபடி கேட்டது.